கெங்கம்மாளுக்கென்று இருந்த சேதி

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் தரகு பார்த்த தேவநாதனை நல்லவன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நல்லவன்தான், யார் இல்லையென்றது? கிளியனூர், வானூர் பக்கத்துக் குடியானவர்கள் நிலக்கடலை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்து இறங்குவார்கள். அன்றைக்கு விலை சரிந்திருந்தால் மற்ற தரகர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள். தேவநாதன் அப்படிச் செய்யமாட்டான். முதலில் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஆளை எதிரே இருந்த இட்லிக் கடைக்கு அனுப்பிவிடுவான். அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் விலையைச் சொல்லுவான். இதற்காகவே அவனைத் தேடி வந்த குடியானவர்கள் உண்டு. கெட்ட சேதியைக் கொஞ்ச நேரம் மடியில் முடிந்து வைத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று அந்த மண்டி அவனுக்குப் பழக்கிவிட்டது. பாவி மனுஷன், அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனான்.

வீடு கிளியனூரில். பக்கத்து வீட்டில் அவன் அக்காள் கெங்கம்மாள். தாய் செத்த பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகிக் கண்ணையன் வீட்டுக்கு வந்தபோது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். கண்ணையனும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மச்சானுக்கும் சேர்த்துச் சோறு போட்டவன். இதையெல்லாம் தேவநாதன் மறந்தவன் இல்லை.

கண்ணையன் கெட்டவன் இல்லை, கோபக்காரன். கோபம் வந்தால் எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. எண்பத்திரண்டாம் வருஷம் கோடையில், கேப்பைக்குத் தண்ணீர் கட்டுகிற முறை யாருடையது என்று கூட்டுக் கிணற்றடியில் பங்காளியோடு வாய்த்தகராறு. கையில் இருந்த மண்வெட்டியை ஓங்கிவிட்டான். தடுக்க வந்த பங்காளி மகன் தலையிலும் ஒரு அடி. இரண்டு உயிர் அந்த வரப்பிலேயே போயிற்று. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான். நான் செய்யவில்லை என்று அவன் எந்தக் கோர்ட்டிலும் சொன்னதில்லை. கடலூரில் தூக்கு என்றார்கள். மெட்ராஸில் அதுதான் சரி என்றார்கள். டெல்லியிலும் அதையே சொன்னார்கள். வேலூர் ஜெயிலில் தூக்குக் கொட்டடியில் அடைத்து வைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கூத்து. முதல் தடவை தேதி குறித்து ஆள் வந்து சொன்னபோது பாதி ஊர் கிளம்பிற்று. விழுப்புரம் போய் காட்பாடி பாசஞ்சரைப் பிடித்து, வேலூரில் இறங்கி, ஜெயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றி அழுதார்கள். அந்த அழுகையில் கெங்கம்மாள் வளையலை உடைத்துக்கொண்டாள். கூட வந்த பெண்டுகள் இனி எதற்கு என்று பூவைப் பிடுங்கிப் போட்டு, பொட்டை அழித்து, தாலியையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு அவசரம். பொழுது சாய்கிற நேரத்துக்கு டெல்லியிலிருந்து தடை உத்தரவு வந்து சேர்ந்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்குத் தாலி அறுத்துக்கொண்டு வந்தவளை என்ன சொல்லுவது? இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில் அம்மன் கழுத்தில் புதுத் தாலியைப் போட்டு எடுத்து, தேவநாதன் பெண்சாதி அஞ்சம்மாள் கையால் முடிச்சுப் போட்டார்கள். அன்றிலிருந்து அது அம்மன் கொடுத்த தாலி என்று கெங்கம்மாளுக்கு ஒரு தைரியம்.

இரண்டாவது தடவையும் தேதி வந்தது, இரண்டாவது தடவையும் தடை வந்தது. இந்தத் தடவை கூடப்போனவர்கள் பாதிக்குப் பாதிகூட இல்லை. திரும்பி வந்தவர்களைப் பார்த்து டீக்கடையில் சிரித்தார்கள். எமனுக்கே தவணை சொல்லுகிற ஆள் எங்கள் ஊரில் இருக்கிறான் என்று ஒருத்தன் சொல்ல, அழுதுவிட்டு வந்த தேவநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு விட்டதா? எண்பத்தாறில் சவரிராயன் வீட்டுக்கு டி.வி. பெட்டி வந்தது. அவர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்தில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவன் கதையைப் போட்டார்கள். வேண்டாம், எழுந்து வா என்று தேவநாதன் கூப்பிட்டும் கெங்கம்மாள் அசையவில்லை. நாடகத்தில் அவனைக் குளிப்பாட்டி, கறுப்புத் துணியை முகத்தில் மாட்டி, கயிற்றடியில் நிறுத்தினார்கள். ஜெயில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கையைத் தூக்குகிறார். கூடத்தில் ஒரு பிள்ளைகூட மூச்சு விடவில்லை. அப்போது மேஜைமேல் இருந்த டெலிபோன் அடித்தது.

கூடமே எழுந்து நின்று கை தட்டியது. கெங்கம்மாள் போய் டி.வி. கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் தம்பியிடம், "பாத்தியா, கடைசி நிமிசத்துல போனு வந்துடுது" என்றாள். அது நாடகம் அக்கா என்று தேவநாதன் சொன்னான். சொன்னானே ஒழிய, இரண்டு தடவை நிஜத்திலும் அப்படித்தானே நடந்தது என்று அவனுக்குள்ளேயும் ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

கண்ணையனுக்கு ஒரே பெண், பாஞ்சாலி. தகப்பன் தூக்குக் கொட்டடியில் இருக்கிற பெண்ணை யார் எடுப்பார்கள்? வந்த இடமெல்லாம் காப்பித் தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போயிற்று. கடைசியில் வானூர் விருத்தாசலம் ஒருத்தர்தான் துணிந்து வந்தார். அவர் மகன் ஆரோவில் பக்கம் கட்டட வேலை செய்கிற கொத்தனார். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. விருத்தாசலம் தேவநாதனை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு பேச்சுப் பேசினார்.

"பொண்ணு மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா அம்மாக்காரி பூவும் பொட்டுமா முன்னாடி நின்னு நலங்கு வெக்கணும். அங்க ஒண்ணு ஆயிட்டுதுன்னா எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒத்துக்கமாட்டாங்க. ஜல்தியா முடிச்சிடுங்க."

அவர் பயம் அவருக்கு. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை மேளம் கொட்டமாட்டார்கள். தூக்கில் செத்தவன் வீடு என்றால் வருஷம் திரும்பினாலும் அவ்வளவுதான். ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம், ஒரு வியாழக்கிழமை விடியலில் என்று குறித்தார்கள். அதை விட்டால் ஆடி. கண்ணையனிடம் போய்ச் சொன்னபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நல்லபடியாக முடியுங்கள், முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றான்.

கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம், போலீஸ்காரர் தேவசகாயம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மண்டிக்கு வந்தார். ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் தேவநாதன் பேரில்தான் மனு கொடுப்பது, ஆகையால் சேதியும் அவனுக்குத்தான் வரும். போன இரண்டு தடவையும் இதே தேவசகாயம்தான் வந்து சொன்னார். மூட்டைகளுக்குப் பின்னால் அவனைத் தள்ளிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை விடியக்காலம் என்று சொன்னார். வியாழன் சாயந்திரம்வரை பார்க்க விடுவார்களாம். "இந்த வாட்டி நெசந்தான் போலருக்குது. அக்காவ இட்டுக்கினு போய்க் காட்டிடு தேவநாதா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தேவநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தராசு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்றைக்குச் சொன்னால் அக்காள் இன்றைக்கே தலைவிரி கோலமாக வேலூருக்கு ஓடுவாள். கிளியனூருக்குத் தெரிந்தால் வானூருக்குத் தெரிய எவ்வளவு நேரம்? பந்தக்காலைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண் ஆயுசுக்கும் தாயோடு குந்திக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். சொல்லாவிட்டால் புருஷன் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கிறது அவளுக்கு இல்லாமல் போய்விடும். இரண்டில் எது பெரிது என்று அவன் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் மண்டியில் பழகின புத்தி வந்து கை கொடுத்தது. விடியலில் தாலி கட்டி முடிந்ததும் அக்காளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினால் சாயந்திரத்துக்குள் வேலூர் போய்விடலாம். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதற்குள் தடையே வந்தாலும் வந்துவிடும்.

மறுநாள், கல்யாணச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரம் போனான். வக்கீல் சீனுவாசன் அங்கேதான் இருந்தார். அவருக்கும் தகவல் தெரிந்திருந்தது. டெல்லியில் ஆளை வைத்து மனுப் போட்டிருக்கிறோம், நாளைக்கு எடுத்தாலும் எடுப்பார்கள், ஆனால் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், போய்ப் பார்த்துவிடுங்கள் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் எடுத்தாலும் எடுப்பார்கள் என்பது மட்டும்தான் தேவநாதன் காதில் ஏறியது. ஜங்ஷன் பக்கம் போய் மாலைக்கும் வெற்றிலைக்கும் சொல்லிவிட்டு, அக்காளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். அவள் அதைக் கையில் போட்டு ஆட்டிப் பார்த்தாள். சின்னப் பெண் மாதிரி இருக்கிறாய் என்று அஞ்சம்மாள் கேலி செய்தாள். தேவநாதன் வாசலுக்கு எழுந்து போய்விட்டான்.

வியாழக்கிழமை வானூரில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. தாரை வார்க்கத் தேவநாதனும் அஞ்சம்மாளும் உட்கார்ந்தார்கள். முதல் நலங்கு கெங்கம்மாள் வைத்தாள். மஞ்சள் பூசிய முகமும், காசளவு குங்குமமும், தலை கொள்ளாத கனகாம்பரமுமாக அவள் நின்றதை வானூர்ப் பெண்டுகள் கண்ணால் அளந்து பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது தேவநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதான். தாய்மாமனுக்கு எவ்வளவு பாசம் பார் என்றார்கள்.

இலை போடுவதற்குள் அக்காளைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டான். வேலூருக்குப் போய் மாமாவுக்கு அட்சதை கொடுத்துவிட்டு வந்துவிடலாம், இப்போதே புறப்படு என்றான்.

கெங்கம்மாள் சிரித்தாள். "உனக்கு இன்னா பைத்தியமா தம்பி? பொண்ணும் மாப்ளையும் சாயந்திரம் வூட்டுக்கு வர்றாங்க. நான் இல்லன்னா ஆலாத்தி யாரு எடுப்பா?"

அவன் விடவில்லை. அஞ்சம்மாள் எடுக்கட்டுமே என்றான், மாமா காத்துக்கொண்டிருப்பாரே என்றான். அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். ஏன், அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்று கேட்டாள். அங்கேதான், அந்தக் கொல்லையில், அடுப்புப் புகைக்கு நடுவில், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தான். பந்தலில் பாஞ்சாலி மாலையும் கழுத்துமாக யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. இப்போது இவள் வாய்விட்டு அலறினால் கட்டின தாலி ஈரம் காயுமுன்னே சாவுச் சேதி கொண்டுவந்த பெண் என்று பெயராகிவிடும். அவள் காலத்துக்கும் அந்தப் பேச்சு போகாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டான்.

கெங்கம்மாள் நிம்மதியாக அட்சதையையும், இலையில் கொஞ்சம் கேசரியையும் மடித்துக் கொடுத்தாள். "நீ போய்க் குடுத்துட்டு வா. நான் ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லு. பொண்ணையும் மாப்ளையையும் இட்டுக்கினு வர்றேன்னு சொல்லு" என்றாள். பந்தலுக்குத் திரும்பிப் போனாள்.

திண்டிவனத்தில் பஸ் மாறி, வந்தவாசி, ஆரணி என்று அடித்துப் பிடித்து வேலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். எத்தனை பேர் என்று வார்டர் கேட்டார். ஒரு விரலைக் காட்டினான்.

கண்ணையன் சவரம் செய்து, துவைத்த உடுப்போடு கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் தேவநாதனைப் பார்க்கவே இல்லை. தேவநாதன் தோளுக்குப் பின்னால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்டர் கதவைச் சாத்திய பிறகுதான் மச்சானைப் பார்த்தான்.

"அவ எங்கடா?"

தாலி ஏறிவிட்டது மாமா என்றான் தேவநாதன். கண்ணையன் கண்ணை மூடிக் கும்பிட்டான். அவள் முன்னாலே நின்றாளா என்று கேட்டான். நின்றாள், பூவும் பொட்டுமாக நின்றாள், முதல் நலங்கு அவள்தான் வைத்தாள் என்றான் தேவநாதன். மாப்பிள்ளை கை எப்படி, வேலை செய்கிற கைதானா என்று கேட்டான். காய்ப்புக் காய்த்த கை என்றதும் கண்ணையன் முகம் மலர்ந்தது. வார்டர் அனுமதித்து வாங்கிக் கொடுத்த அட்சதையைக் கிழக்கே பார்த்துத் தூவினான். ஒரு வாய் கேசரி தின்றான். இவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கேட்டான்.

"கெங்கம்மா இன்னா சொல்லி அனுப்புனா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நூறு பொய் இருந்தது சொல்ல. ஆனால் அவளிடமிருந்து வந்தது அது ஒன்றுதான், அதை மாற்ற அவனுக்கு மனசு வரவில்லை. "ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லச் சொன்னா மாமா" என்றான்.

கண்ணையன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணையன் கத்தவில்லை. அத்தனை கோபக்காரன், ஒரு சொல் வையவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சேதி சொல்லி அனுப்பிச்சதா சொன்னாங்க. அதுலருந்து இந்தக் கதவையே பாத்துக்கினு இருக்கறன்டா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

தேவநாதன் தரையில் மண்டி போட்டுக் கம்பிக்குள் கையை நீட்டினான். "எங்கிட்ட சொல்லு மாமா. ஒரு வார்த்த மாறாம சொல்றேன்."

கண்ணையன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், உதடுகூட அசைந்தது. அப்புறம் தலையை ஆட்டினான். "இல்லடா. உங்கிட்ட சொல்றது இல்ல அது."

தேவநாதன் என்னென்னவோ சொன்னான். பெண் வாழவேண்டுமே என்று சொன்னான், டெல்லியில் மனு இருக்கிறது, தடை வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டி வருகிறேன் என்று சொன்னான். கண்ணையன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். நேரமாயிற்று என்று வார்டர் வந்தார். விடியலுக்குள் எப்படியாவது அவளைக் கூட்டி வந்தால் ஒரு நிமிஷம் விடுவீர்களா என்று தேவநாதன் அவர் காலைத் தொடப் போனான். சாயந்திரம் கொட்டடிகளை அடைத்த பிறகு யாரையும் விடமுடியாது என்று அவர் அவனைத் தூக்கி நிறுத்தி, மெதுவாகத்தான், வெளியே கொண்டுவந்து விட்டார்.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கிற நேரம். ஜெயிலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் தேவநாதன் உட்கார்ந்திருந்தான். வாசல் பக்கத்து அறையில் டெலிபோன் இருந்தது அவனுக்குத் தெரியும். அதையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அது அடித்தது. சத்தியமாக அடித்தது. கிளாஸைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினான். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. உள்ளே இருந்தவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சரி சரி என்று கீழே வைத்தார். டெல்லியா சார், தடையா சார் என்று தேவநாதன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கைதிகளுக்குக் காய்கறி கொண்டுவருகிற லாரி இன்று தாமதமாக வருமாம். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து வார்டர் ஒருவர் வெளியே வந்து, ஆயிற்று அப்பா என்றார்.

உடம்பை ஊருக்கு எடுத்துப் போகிறாயா என்று கேட்டார்கள். கிளியனூர் வீட்டில் பாஞ்சாலியும் மாப்பிள்ளையும் கையில் கங்கணத்தோடு இருந்தார்கள். அந்த வாசலில் எப்படி இதைக் கொண்டுபோய் இறக்குவது? செவ்வாய்க்கிழமை மறைத்தவன் இன்றைக்கும் மறைக்க வேண்டியதாயிற்று. இங்கேயே எரித்துவிடுகிறேன் என்றான். பாலாற்று ஓரத்தில் அவனே கொள்ளி வைத்தான். ஆற்றில் தண்ணீர் ஏது, மணலைத் தோண்டி ஊறின தண்ணீரில் குளித்தான். தலை மழிக்கவில்லை. மழித்தால் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்று கெங்கம்மாள் தலைக்குக் குளித்து, கூடுதலாகவே பூ வைத்திருந்தாள். அட்சதையைக் கொடுத்தாயா, சாப்பிட்டாரா, என்ன சொன்னார் என்று வாசலிலேயே கேட்டாள். கொடுத்தேன், கேசரி சாப்பிட்டார், சந்தோஷப்பட்டார் என்றான். இதில் எதுவும் பொய்யில்லை. மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன், களைப்பாக இருக்கிறது என்றான். அவனை உட்கார வைத்து, புது மாப்பிள்ளைக்குச் செய்த வடையும் பாயசமும் பரிமாறினாள். கொள்ளி வைத்த கையால் அதைப் பிசைந்து தின்றான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று அவள் சொன்னாள். அதையும் தின்றான்.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக டீக்கடைக்குப் போய், ஊருக்கு வருகிற ஒற்றைப் பேப்பரை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வானூருக்குக் கிளம்பினார்கள். பஸ் நிறுத்தத்துக்கு அக்காளும் தம்பியும் கூட வந்தார்கள். பாஞ்சாலி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்புகிறவரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள். புழுதி அடங்கியது.

"அக்கா, மாமா போயிட்டாரு."

"எங்க?" என்றாள் கெங்கம்மாள், பஸ் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். நேற்றுக் காலையில் என்றான். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றான். அவள் கை தலைக்குப் போய்ப் பூவைத் தொட்டது, அங்கேயே நின்றது. அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரிப் போடுவாள் என்று அவன் காத்திருந்தான். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"வேலூருக்கு வான்னு நீ கூப்ட்டது அதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

அவ்வளவுதான் அவள் அதைப் பற்றிச் சொன்னது, அன்றைக்கும் அப்புறமும். பிறகு ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டாள். தேவநாதனுக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்றார், என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் என்று உள்ளதைச் சொன்னான். அப்போதுதான் அவள் அழுதாள். கிளியனூரே ஓடிவந்து கூடிநிற்கிற அழுகை அது.

ஊர் தேவநாதனைக் குறை சொல்லவில்லை. வேறு யார் செய்வார்கள், அந்தப் பெண்ணைக் கரையேற்றினானே என்றார்கள். விருத்தாசலம் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு நல்ல வேளை, ஒரு நாள் முன்னால் முடிந்தது என்று சமாதானமாகிவிட்டார். பாஞ்சாலிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தேவநாதன் பழையபடி மண்டிக்குப் போனான். இப்போதெல்லாம் விலை சரிந்தால் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே உரக்கக் கத்திச் சொல்லிவிடுவான். தேவநாதனுக்கு என்ன ஆயிற்று, நல்ல மனுஷனாக இருந்தானே என்று குடியானவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கெங்கம்மாள் அவனோடு பேசாமல் இல்லை. சோறு போட்டாள், சளி பிடித்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஆனால் தனியாக இருக்கும்போது கேட்பாள். சொல்லவேண்டும் என்றபோது அவர் சிரித்தாரா, வருத்தமாக இருந்தாரா? உதடு அசைந்தது என்றாயே, என்ன எழுத்து மாதிரி அசைந்தது? பெரிய சேதி மாதிரி இருந்ததா, சின்னதா? ஒவ்வொரு தடவையும் அவன் தெரிந்ததைச் சொல்லுவான். அவள் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். மல்லாட்டை ஆயும்போதும் கேப்பை புடைக்கும்போதும் வாய்க்குள்ளே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொள்வாள். அதைப் பார்த்தால் தேவநாதன் வாசலுக்கு எழுந்து போய்விடுவான்.

மூன்றாம் வருஷம் திதிக்குப் படையல் போட்டுக் கும்பிட்டு எழுந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. பல நாளாக யோசித்துச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தான். அக்கா, அன்றைக்கு உன்னிடம் மறைத்துவிட்டேன், மாமா என்னிடம் சொல்லத்தான் செய்தார் என்றான். கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"'பாஞ்சாலியப் பத்தரமா பாத்துக்க, எனக்காவ அழுவாத, உன்ன மாதிரி பொண்டாட்டி யாருக்கும் கெடைக்கமாட்டா'ன்னு சொல்லச் சொன்னாரு அக்கா."

கெங்கம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். சின்ன வயதில் அவன் மிட்டாய் திருடிக்கொண்டு வந்து நின்றபோது பார்த்தமாதிரிதான் பார்த்தாள். படையல் இலையை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சாப்புடு. அது இல்ல தம்பி. அதுவா இருந்தா உங்கிட்டயே சொல்லியிருப்பாரு."